நாகசாகியில் ஒரே ஒரு நாள்: எங்கே நிற்பது, என்ன சாப்பிடுவது

உங்கள் கேள்வி இதுதான். ஃபுகுவோகாவில் வேலை விஷயமாக ஒரு வாரம் இருக்கப் போகிறீர்கள். அம்மாவும் கூட வருகிறார். நாகசாகிக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். அணுகுண்டு நினைவிடங்களில் எதைக் கட்டாயம் பார்ப்பது, எதை விடுவது, அந்த ஊர்ச் சாப்பாட்டில் எதைத் தவறவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, பன்றியும் மாடும் ஆகாது, மீன் உண்டு என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி: "இத்தனை பேர் செத்த இடத்துக்குப் போகும்போது சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதே தப்பாகப் படுகிறது."

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. கியூஷு தீவில் பல வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாகசாகிக்குக் கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது. இத்தனை தடவை போயும், ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்திவைப்பவை இரண்டு. ஒன்று கொஞ்சம் சோறு, இன்னொன்று கொஞ்சம் தண்ணீர். அவற்றைப் பார்த்தபின் நீங்களே சொல்வீர்கள், அந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த நாளுக்கு வெளியே உள்ள விஷயம் கிடையாது என்று.

முதலில் போகும் வழி. ஹகாதா ஸ்டேஷனில் 'ரிலே கமோமே' ரயிலில் ஏறினால் தகேயோ ஒன்சென் வரை கொண்டுபோய் விடும். இறங்கி அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்பக்கம் நிற்கும் 'கமோமே' ஷின்கான்சென்னில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான், படி ஏறி இறங்க வேண்டாம். 2022 செப்டம்பரில் திறந்த பாதை இது. மொத்தம் ஒன்றரை மணி நேரம். காலை 7 மணி வாக்கில் கிளம்பினால் 9 மணிக்குள் நாகசாகியில் இருப்பீர்கள். ஸ்டேஷன் வாசலில் டிராம். 1 அல்லது 3 எண் போட்ட, அகாசாகோ போகும் வண்டியில் ஏறுங்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். அன்றைக்கு நாலைந்து தடவை ஏறி இறங்குவீர்கள், அதனால் ஒரு நாள் பாஸ் வாங்கிவிடுங்கள். இறங்க வேண்டிய இடம் ஹெய்வா கோயென், அதாவது அமைதிப் பூங்கா.

இன்னொரு விஷயம். ஏறுவதற்கு முன் ஸ்டேஷன் கடையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கூடுதலாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் நேராக அமைதிப் பூங்காவில் உள்ள பெரிய நீலச் சிலைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் டிராமிலிருந்து இறங்கியதும் முதலில் வெடிமையப் பூங்காவுக்குப் போங்கள். மரங்கள் சூழ்ந்த சின்ன மைதானம், நடுவில் கறுப்புக் கல்லில் ஒரு தூண், அவ்வளவுதான். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடம். அந்தத் தூணுக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அங்கே நிற்கும்போது யாரும் சொல்லாமலே தலை தானாக மேலே பார்க்கும்.

குண்டைச் சுமந்து வந்த அமெரிக்க விமானம் நாகசாகிக்கென்று கிளம்பவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அன்றைய முதல் இலக்கு கோகுரா, இன்றைய கிடாகியூஷு நகரத்தின் ஒரு பகுதி. மேகமும் புகையும் மறைத்ததால் மூன்று முறை சுற்றியும் குறி கிடைக்கவில்லை. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. அப்படியே இரண்டாவது இலக்கான நாகசாகிக்குத் திரும்பினார்கள். அங்கும் மேகம். கிடைத்த சின்ன இடைவெளியில், குறித்திருந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வடக்கே தள்ளி, உராகாமி பள்ளத்தாக்கின் மேல் குண்டு விழுந்தது. நடுவில் மலைகள் இருந்ததால் துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊர் ஓரளவு தப்பியது, உராகாமி போயிற்று. 2,40,000 பேர் வாழ்ந்த ஊரில் அந்த வருடக் கடைசிக்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். காயம்பட்டவர்களும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை.

தூணுக்குப் பக்கத்தில் உடைந்த செங்கல் சுவர்த் துண்டு ஒன்று நிற்கும். பழைய உராகாமி தேவாலயத்தின் சுவர் அது, இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அதன் கதைக்குப் பிற்பகலில் வருவோம். ஓரமாக ஓடும் ஓடைப் பக்கம் படியில் இறங்கினால், கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காலத்து மண் அடுக்கை வெட்டிக் காட்டியிருப்பார்கள். ஓட்டுத் துண்டு, செங்கல், உருகிய கண்ணாடி எல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். இன்றைய நாகசாகி அதன் மேல்தான் நிற்கிறது. இதைப் பார்க்காமல் போகிறவர்களே அதிகம். அம்மாவுக்குப் படி கஷ்டம் என்றால் மேலேயே உட்காரட்டும், நிழல் இருக்கிறது.

அருகிலேயே கொரியர்களுக்கான நினைவுக்கல்லும் உண்டு, 1979-ல் வைத்தது. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்று நாகசாகியில் ஆயிரக்கணக்கான கொரியர்கள் இருந்தார்கள். ஆயுதத் தொழிற்சாலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் சுரங்கத்திலும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் நிறையப் பேர். பிடித்து இழுத்துவந்த ஊரிலேயே குண்டிலும் செத்தார்கள். அந்தக் கல்லுக்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

அங்கிருந்து அமைதிப் பூங்கா கிட்டத்தில்தான், ஆனால் மேட்டில் இருக்கிறது. எஸ்கலேட்டர் இருப்பதால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை. மேலே ஏறியதும் வருவது ஒரு நீரூற்று, 1969-ல் கட்டியது. தண்ணீர் பறவை இறக்கை மாதிரி விரிந்து எழும். அதன் முன் உள்ள கல்லில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியதைப் பொறித்திருக்கிறார்கள். தாகம் தாங்க முடியவில்லை, தண்ணீரில் எண்ணெய் மாதிரி ஏதோ மிதந்தது, ஆனாலும் தண்ணீர் வேண்டும், அப்படியே குடித்துவிட்டேன் என்பது அதன் சாரம்.

உடம்பு வெந்தவர்களுக்கு முதலில் வந்தது தாகம். அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், எந்தச் சாட்சியத்தைப் படித்தாலும், 'மிசு, மிசு' என்ற குரல் வரும். மிசு என்றால் தண்ணீர். கொடுக்க ஆள் இல்லை. சில இடங்களில், தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று பயந்து கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. கொடுக்காமல் விட்டது கடைசி வரை அவர்களை அரித்தது. அதனால்தான் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 9 நினைவு நிகழ்ச்சியில் தண்ணீர் படைப்பது ஒரு முக்கியமான சடங்கு. சாதாரண நாளிலும் கல்தூண்களின் அடியில் தண்ணீர் பாட்டில்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். உங்கள் பையில் இருக்கும் பாட்டிலும் அதற்குத்தான். நீரூற்றுப் பக்கத்திலோ வெடிமையத் தூணடியிலோ வைத்துவிட்டு வாருங்கள். பூவைவிட அது பொருத்தம்.

நீரூற்றிலிருந்து சிலைக்குப் போகும் வழியில் தரையோடு தரையாகத் தாழ்ந்த கான்கிரீட் சுவர்கள் தெரியும். உராகாமி கிளைச் சிறை அங்கேதான் இருந்தது. உள்ளே இருந்த கைதிகள், காவலர்கள், குடியிருப்பில் இருந்தவர்கள் என்று 134 பேரும் இறந்தார்கள். கைதிகளில் கொரியர்களும் சீனர்களும் இருந்தார்கள். அப்புறம் சிலை. சிற்பி கிடாமுரா செய்போ 1955-ல் முடித்தது, 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மேலே காட்டும் வலது கை குண்டின் ஆபத்தை, பக்கவாட்டில் நீட்டிய இடது கை அமைதியை, மூடிய கண்கள் இறந்தவர்களுக்கான வேண்டுதலைக் குறிக்கின்றன. எனக்கு அந்தச் சிலை மனதில் ஒட்டவில்லை. அத்தனை பெரிய, அத்தனை திடமான உடம்பு அந்த இடத்தில் எனக்கு அந்நியமாகப் படுகிறது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் நிகழ்ச்சி நடப்பது அதன் முன்னால்தான், ஊர்க்காரர்களுக்கு அது தங்கள் சிலை. பத்து நிமிடம் போதும்.

பூங்காவில் குடை விரித்த சின்ன வண்டியோடு ஒரு பாட்டியம்மா இருந்தால் விடாதீர்கள். 'சிரின் சிரின் ஐஸ்' என்று பெயர், மணியடித்து விற்றதால் வந்த பெயர். தட்டையான கரண்டியால் ஐஸை இழை இழையாகச் சுரண்டி, கோன் மேல் ரோஜாப்பூ மாதிரி அடுக்கித் தருவார்கள். பால் ஐஸுக்கும் பழ ஐஸுக்கும் நடுவில் ஒரு ருசி. அம்மாவுக்கும் ஆகும்.

அடுத்தது அணுகுண்டு அருங்காட்சியகம், 1996-ல் திறந்தது. நான் கடைசியாகப் போனபோது கட்டணம் 200 யென். உள்ளே நுழைந்ததும் 11:02-ல் நின்றுபோன சுவர்க் கடிகாரம். அப்புறம் இருட்டாக ஒரு கூடம். கால்கள் வளைந்த இரும்புத் தண்ணீர்த் தொட்டி, தேவாலயச் சுவரின் அதே அளவு மாதிரி, ஒன்றோடொன்று உருகி ஒட்டிய பாட்டில்கள். நாகசாகியில் போட்ட குண்டின் முழு அளவு மாதிரியும் இருக்கிறது. 3.25 மீட்டர் நீளம், நாலரை டன் எடை, மஞ்சள் நிறம். ஹிரோஷிமாவில் யுரேனியம், இங்கே புளுட்டோனியம் என்ற வித்தியாசத்தையும் அங்கே விளக்கியிருப்பார்கள்.

நீங்கள் தேட வேண்டியது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு பள்ளி மாணவியின் டிபன் பாக்ஸ். அவளுக்கு 14 வயது. அலுமினியம் நசுங்கிக் கறுத்துப்போயிருக்கும். உள்ளே சோறு அப்படியே இருக்கிறது, கரிக்கட்டையாக. பருக்கை பருக்கையாகத் தெரியும். மத்தியானத்துக்கென்று காலையில் யாரோ ஒரு அம்மா அமுக்கி அமுக்கி வைத்தது. போரின் கடைசி மாதங்கள், ரேஷனில் அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பு, சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் சோயாப் பிண்ணாக்கையும் கலந்து சமாளித்த காலம். அப்போது பெண்ணுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். மணி 11:02. மூடியைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 74,000 என்ற எண் அதுவரை எனக்கு வெறும் எண்ணாகவே இருந்தது.

இன்னொரு சுவரில் சிவந்த முதுகோடு குப்புறப் படுத்திருக்கும் ஒரு பையனின் படம் இருக்கும். தனிகுச்சி சுமிதெரு, அப்போது 16 வயது, தபால் பட்டுவாடா செய்துகொண்டு சைக்கிளில் போனவர், வெடிமையத்திலிருந்து 1.8 கிலோமீட்டர். நீண்ட நாள் குப்புறப் படுத்தே கிடந்தார். பிழைத்து எழுந்து, 2017-ல் சாகும் வரை அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பேசிக்கொண்டே இருந்தார். 2024-ல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நிஹோன் ஹிடான்கியோ, அவரைப் போல உயிர் தப்பியவர்களின் அமைப்பு. அது 1956 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்டதும் இதே நாகசாகியில்தான். அம்மாவுக்கு இந்தப் படங்கள் தாங்குமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். தாங்காது என்றால் படங்கள் உள்ள பகுதியைக் கடந்து, பக்கத்தில் இணைந்திருக்கும் தேசிய நினைவு மண்டபத்துக்கு அவரை முதலில் கூட்டிப் போகலாம். 2003-ல் திறந்தது, கட்டணம் இல்லை. மேலே வட்டமான நீர்த்தொட்டி, இருட்டியபின் அதற்குள் 70,000 சின்ன விளக்குகள் எரியும். கீழே உயர உயரமான கண்ணாடித் தூண்கள், கடைசியில் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள். சத்தமே இருக்காது. அருங்காட்சியகத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது.

இப்போது மணி 12:30 ஆகியிருக்கும். சாப்பிடுங்கள். பசிக்கவில்லை என்று தோன்றும். பரவாயில்லை, உட்காருங்கள்.

நாகசாகி என்றால் சாம்பொன். 1892-ல் சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த சென் பிங்ஷுன் என்பவர் 1899-ல் ஷிகாய்ரோ என்ற உணவகத்தைத் தொடங்கினார். கையில் காசில்லாத சீன மாணவர்கள் வயிறு நிறைய, சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று அவர் உண்டாக்கிய நூடுல்ஸ் இது. அந்தக் கடை இன்றும் ஓரா தேவாலயத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஃபூஜியன் மொழியில் 'சாப்பிட்டாச்சா' என்று விசாரிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம்மைப் போலவே அவர்களுக்கும் அதுதான் நலம் விசாரிப்பு.

முடிந்தால் அடுப்பு தெரிகிற மாதிரி கவுன்டரில் உட்காருங்கள். பெரிய இரும்பு வாணலியில் பன்றிக்கொழுப்பு புகைய, பன்றித் துண்டு, கணவாய், இறால் விழும். அடுத்து முட்டைகோஸ், முளைகட்டிய பயறு, இளஞ்சிவப்பு ஓரம் வைத்த மீன் கேக். பெரிய தீயில் நாலு புரட்டு. அப்புறம் பன்றி எலும்பும் கோழி எலும்பும் கொதித்த வெள்ளை ரசத்தை அதே வாணலியில் ஊற்றி, பருத்த நூடுல்ஸையும் அதிலேயே போட்டுக் கொதிக்க விடுவார்கள். ராமென்னுக்கு நூடுல்ஸைத் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் சேர்ப்பார்கள். சாம்பொன் முழுக்க ஒரே வாணலிச் சமையல், அதனால் காய்கறியின் இனிப்பும் கடல் வாசனையும் நூடுல்ஸின் உள்ளே இறங்கியிருக்கும். கிண்ணம் பெரியது, சூடு ஆறவே ஆறாது. மிளகுத்தூள் தூக்கலாகப் போட்டுக்கொள்ளுங்கள், நம் நாக்குக்கு அதுதான் சரி.

பெயர் பெற்ற கடைக்கு வரிசையில் நிற்பதைவிட உராகாமி டிராம் பாதையோரம் உள்ள சின்னக் கடைகளில் ஒன்றுக்குள் நுழைவதையே நான் சொல்வேன். மத்தியானத்தில் பக்கத்து ஆஸ்பத்திரி ஊழியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவார்கள். காலையில் மண் அடுக்காகப் பார்த்த அதே தெரு அது. டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு வந்த கையோடு, மத்தியான மணி அடித்ததும் சாப்பிட உட்காரும் இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் உங்கள் தயக்கத்துக்கு என்னிடம் உள்ள பதில்.

அம்மா விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பன்றித் துண்டை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று கேட்டாலும் சாம்பொன் ரசமே பன்றி எலும்புதான். ஏமாற வேண்டாம். அவருக்கு கோத்தோ உடோன் வாங்கிக் கொடுங்கள். இந்த மாவட்டத்தைச் சேர்ந்த கோத்தோ தீவுகளில் செய்கிற மெல்லிய உடோன், அதாவது கோதுமை நூடுல்ஸ், காமெலியா விதை எண்ணெய் தடவி இழுத்து உலர்த்தியது. ரசம், காய்ந்த பறவைக்கோலா மீனில் வடித்தது. தெளிவாக, லேசாக, வயதானவர்கள் வயிற்றுக்கு இதமாக இருக்கும். அல்லது ஏதாவது ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. மீன்பிடிப்பில் ஜப்பானின் முன்வரிசை மாவட்டம் இது. வறுத்த மீன், சோறு, மிசோ சூப், ஊறுகாய் என்று செட்டாகக் கிடைக்கும். கடைக்காரரிடம் 'பூதா நிகு, கியூ நிகு தாமே' என்று சொல்லச் சொல்லிக்கொடுங்கள். பன்றியும் மாடும் ஆகாது என்று அர்த்தம்.

பிற்பகலுக்கு உராகாமி தேவாலயம். தூரம் அதிகமில்லை, ஆனால் ஏற்றம். ஒரு டாக்ஸி பிடித்துவிடுங்கள், குறைந்தபட்சக் கட்டணத்தில் முடிந்துவிடும்.

நாகசாகி எனக்கு ஹிரோஷிமாவைவிட அதிகம் வலிப்பதற்குக் காரணம் இந்த இடம். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட 250 வருடமும் உராகாமி விவசாயிகள் ஒளித்து வைத்து, பாதிரியார் இல்லாமலே, தலைமுறை தலைமுறையாக ஜெபத்தைக் காப்பாற்றி வந்தார்கள். 1865-ல் அவர்களில் சிலர் ஓரா தேவாலயத்துக்கு வந்து, பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தாங்கள் யார் என்று சொன்னார்கள். வெளியே தெரிந்ததும் அரசு விடவில்லை. ஏறத்தாழ 3,400 பேரை, அதாவது கிட்டத்தட்ட ஊரையே, பல மாகாணங்களுக்கு நாடு கடத்தினார்கள். 600 பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. 1873-ல் தடை நீங்கி வந்தவர்கள், ஒரு காலத்தில் தங்களை வரிசையில் நிற்கவைத்துப் புனிதப் படத்தை மிதிக்கச் சொன்ன ஊர்த்தலைவரின் நிலத்தையே வாங்கி, 1895-ல் தொடங்கி, செங்கல் செங்கலாகச் சேர்த்து 1914-ல் கோயிலை முடித்தார்கள். கோபுரங்கள் 1925-ல்தான் எழுந்தன. அந்தக் கோபுரங்கள் நின்றது சுமார் 20 வருடம்தான். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தபோது குண்டு விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. உராகாமியின் 12,000 கத்தோலிக்கர்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள்.

இன்று நிற்பது 1959-ல் கட்டிய கோயில். பழைய இடிபாடுகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று ஊரில் பலர் கேட்டும் 1958-ல் அகற்றிவிட்டார்கள். ஹிரோஷிமாவுக்குக் குண்டில் சிதைந்து அப்படியே நிற்கும் குவிமாடக் கட்டடம் மாதிரி நாகசாகிக்கு இது இருந்திருக்கும். மக்களுக்கு ஜெபிக்க ஒரு கோயில் வேண்டியிருந்தது என்பது புரிகிறது, ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை. மிச்சம் இருப்பது, கீழே சரிவில் உருண்டு விழுந்த கோபுர உச்சி. அப்படியே கிடக்கிறது. உள்ளே பக்கவாட்டுச் சிற்றாலயத்தில், கண்கள் கரிந்து குழியாகிப்போன மரத்தாலான மாதாவின் தலை இருக்கிறது. படம் எடுக்காதீர்கள். பழைய மணிகளில் ஒன்றை இடிபாட்டுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து 1945 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அடித்தார்கள். இன்னொரு கோபுரம் மணி இல்லாமலே இருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் பணம் திரட்டிக் கொடுத்த மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று 11:02-க்கு அங்கிருந்து ஒலித்தது.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் நியோகோதோ. இரண்டே பாய் அகலமுள்ள ஒரு குடிசை. டாக்டர் நாகாய் தகாஷி தன் இரண்டு குழந்தைகளோடு இங்கே வாழ்ந்தார். எக்ஸ்ரே வேலையால் அவருக்குக் குண்டு விழுமுன்பே ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. அவர்தான் முதலில் போவார் என்று நினைத்திருந்தார்கள். அன்று மருத்துவக் கல்லூரியில் அவர் காயத்தோடு தப்பி, மற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக முடிந்தபோது, சமையலறை இருந்த இடத்தில் மனைவி மிதோரியின் எலும்புகளும் பக்கத்தில் அவருடைய ஜெபமாலையும் கிடந்தன. வாளியில் அள்ளிக்கொண்டு போய் அடக்கம் செய்தார். படுக்கையில் கிடந்தபடியே எழுதி, 1951-ல் இறந்தார்.

அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் இன்னும் ஓர் இடம், இல்லையென்றால் நீங்கள் மட்டும்: சன்னோ ஆலயம். டிராமில் தைகாகு பியோயின் நிறுத்தத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும். வெடிமையத்திலிருந்து சுமார் 800 மீட்டர். படிகளின் நடுவில் கல் தோரணவாசல் ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும். பாதி அன்றே விழுந்துவிட்டது, மீதி இன்றுவரை நிற்கிறது. அடியில் போய் அண்ணாந்து பாருங்கள், மேல்கல் காற்று தள்ளியதில் சற்றுத் திரும்பியிருக்கும். மேலே இரண்டு பிரம்மாண்டமான கற்பூர மரங்கள், பல நூறு வருடத்து மரங்கள். அன்று இலையெல்லாம் எரிந்து, கரிந்த கட்டையாக நின்றவை. செத்துப்போயின என்றே நினைத்தார்கள். பிற்பாடு துளிர்த்தன. இப்போது வாசலையே மறைக்கும் நிழல். பட்டையில் கை வைத்துப் பாருங்கள்.

ஜப்பான் பட்டதைப் பார்த்த நாளில் ஜப்பான் செய்ததையும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பேர்ல் ஹார்பரில் போட்ட டார்பிடோக்கள் செய்யப்பட்டது இதே உராகாமி பள்ளத்தாக்குத் தொழிற்சாலையில். முசாஷி என்ற ராட்சதப் போர்க்கப்பல் கட்டப்பட்டதும் இந்தத் துறைமுகத்தில். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிஷிசாகா மேட்டில், ஓகா மசாஹாரு என்ற பாதிரியார் நினைவாக 1995-ல் திறந்த சின்னத் தனியார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கட்டாய உழைப்புக்குக் கொண்டுவந்த கொரியர்கள், சீனாவில் நடந்த கொடுமைகள் பற்றியது. பளபளப்பு இல்லாத இடம், ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சாதாரண ஜப்பானியர்களே நடத்துவது. நமக்கு இது அந்நியக் கதையும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய ராணுவம் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. திறந்திருக்கும் நாளா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடிய மாலை 5 ஆகிவிடும். 1 எண் டிராமில் ஷிஞ்சி சைனாடவுன் போங்கள். அங்கே சாரா உடோன் சாப்பிடலாம். முறுமுறுவென்று பொரித்த மெல்லிய நூடுல்ஸ் மேல் காய்கறியும் கடலுணவும் கெட்டிக் குழம்பாக ஊற்றி வரும். ஊர்க்காரர்கள் அதன் மேல் வூஸ்டர் சாஸை விட்டுக்கொள்வார்கள். நீங்களும் விட்டுப் பாருங்கள், அந்தப் புளிப்பில்தான் தட்டு காலியாகும். பன்றி இதிலும் உண்டு. அம்மாவுக்கு ஹாதோஷி: ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே அரைத்த இறாலை வைத்துப் பொரித்தது. எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போக காஸுதெரா. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த கேக். 1624-ல் தொடங்கிய ஃபுகுசாயா போன்ற கடைகள் இன்னும் சுடுகின்றன. முட்டை, சர்க்கரை, மாவு, கொஞ்சம் மாவுப்பாகு, அவ்வளவுதான். வெண்ணெயும் பாலும் கிடையாது. அடியில் பெரிய சர்க்கரைப் பரல்கள் கரையாமல் நிற்கும், கடிக்கும்போது நறநறக்கும். வெளிநாட்டுச் சர்க்கரை ஜப்பானுக்குள் வந்த துறைமுகம் இது என்பதால் இந்த ஊர்ச் சமையலில் எதிலும் இனிப்புக் கொஞ்சம் தூக்கல்தான்.

ஆகஸ்ட் 9 அன்று போவதாக இருந்தால் பூங்காவில் கூட்டமும் கட்டுப்பாடும் இருக்கும், ஆனால் 11:02-க்கு ஊர் முழுக்க சைரன் ஒலிக்க எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பதைப் பார்ப்பீர்கள். மற்ற மாதங்களில் வசந்தமும் அக்டோபருக்குப் பிந்தைய நாட்களும் அம்மாவுக்கு நல்லது. தேதி முடிவானதும் எழுதுங்கள். உராகாமியில் நான் வழக்கமாகப் போகும் சாம்பொன் கடை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்று கேட்டுச் சொல்கிறேன். அவர்களிடம் கோத்தோ உடோனும் உண்டு.